கற்பிட்டிக்கு, கொட்டாஞ்சேனையிலிருந்து

அன்புள்ள கற்பிட்டியே,

நேற்றிரவு பத்தரைக்கு வீடு வந்து சேர்ந்தேன். பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, கீழ் மாடி ஆன்ட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, “கற்பிட்டிக்குப் போய் வந்தீங்களா?” என்றார். நான் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. கருவாடு சொல்லிவிட்டது. இரண்டு பொலித்தீன் பை, அதற்கு மேல் நான்கு மடிப்புப் பத்திரிகை, அத்தனையையும் மீறி உன் மணம் எங்கள் தொடர்மாடிப் படிக்கட்டு முழுக்க ஏறியிருந்தது. அவர் சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. அவருடைய ஆச்சி வெளியில் சிங்களமும் அடுப்படியில் தமிழும் பேசியவராம். கண்ணை மூடிக்கொண்டு அவர் அந்த வாசத்தை உள்ளே இழுத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இத்தனை வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டேனே என்று மனம் குறுகிப் போனது. இரவு தூக்கம் வரவில்லை. விடியற்காலை எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கற்பிட்டியே, முதலில் என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1986 ஓகஸ்ட். எனக்கு ஒன்பது வயது. தலவில அன்னம்மாள் திருநாளுக்காக அம்மம்மா, அம்மா, நான் மூவரும் புறக்கோட்டையில் பஸ் ஏறினோம். பஸ்ஸில் தமிழ் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லித் தராமலே நாங்கள் படித்த பாடம். 1983 ஜூலையில் மூன்று இரவு பக்கத்து வீட்டுச் சாமான் அறையில் மூச்சடக்கி இருந்த குடும்பம் நாங்கள். ஆகவே தண்ணீர் வேண்டுமென்றால் நான் அம்மாவின் சேலையை இழுப்பேன். பேச வாயெடுத்தால் அம்மா என் மணிக்கட்டை மெல்ல அழுத்துவாள். வத்தளை, நீர்கொழும்பு, சிலாபம் எல்லாம் அந்த அழுத்தத்திலேயே கடந்தன. புத்தளத்துக்குச் சற்று முன் பாலாவிச் சந்தியில் இறங்கி உன் பக்கம் போகும் பஸ்ஸில் மாறி ஏறினோம். ஒரு கடகத்தைத் தலையில் வைத்தபடி முக்காடு போட்ட ஒரு மூதாட்டி ஏறினார். ஏறியதும் பஸ்ஸே அதிரும்படி, “தம்பி, நான் இறங்குற இடத்த மறந்துபோடாதீங்க, போன முறை மாதிரி என்ன நடக்க வைக்காதீங்க!” என்று தமிழில் கத்தினார். கொண்டக்டரும் அதே சத்தத்தில், “மறக்க மாட்டன் உம்மா, இரிங்க!” என்றார். பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டில் இருந்த அம்மாவின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இன்றைக்கும் அந்த இடம் எனக்குத் தெரியும்: பாலாவி தாண்டி, இடது பக்கம் தென்னை, வலது பக்கம் உப்பளத்தின் வெள்ளை. “அம்மா, தண்ணி” என்று உரக்கக் கேட்டேன். அவள் தந்தாள்.

கற்பிட்டியே, தலவிலயில் ஐந்து நாள் தங்கினோம். மரங்களுக்கு அடியில் கிடுகு வேய்ந்த கொட்டில்கள். மணலில் பாய். பகல் முழுக்க அடுப்புப் புகை, இரவு முழுக்கச் செபமாலை. பக்கத்துக் கொட்டிலில் வென்னப்புவவிலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம். அவர்கள் தேங்காய்ச் சம்பலைத் தர, நாங்கள் புளிக்குழம்பைக் கொடுத்தோம். அம்மம்மாவின் நேர்த்தி சின்ன மாமாவுக்காக. அவர் கப்பலுக்குப் போய் எட்டு மாதம் கடிதமில்லாமல் இருந்து, பிறகு சுகமாக வந்து சேர்ந்தவர். கடலில் போனவனுக்காக உன்னிடம் வந்து நேர்வது ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பின்னால்தான் அந்தக் கோயிலின் கதைகளைக் கேட்டேன். கரையில் கப்பல் உடைந்து தப்பிய ஒரு மாலுமி, தன் கப்பலில் இருந்த அன்னம்மாளின் சுரூபத்தை ஒரு மரத்தடியில் வைத்து, நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்தால் கோயில் கட்டுவேன் என்று நேர்ந்தான் என்பது ஒரு கதை. மன்னாரிலிருந்து கொழும்புக்கு நடந்து போன ஒரு போர்த்துக்கேய வணிகன் மரத்தடியில் தூங்கிக் கனவு கண்டான் என்பது இன்னொரு கதை. எது உண்மையோ, இரண்டிலுமே களைத்து வந்த ஒருவனுக்கு உன் மரநிழல்தான் இடம் கொடுக்கிறது. மார்ச்சிலும் ஓகஸ்டிலும் வருகிற அத்தனை ஆயிரம் பேருக்கும் நீ அதையேதான் செய்துகொண்டிருக்கிறாய்.

கற்பிட்டியே, நீயும் நானும் ஒரே நீரால் இணைந்தவர்கள் என்பதை எனக்குத் தெரியவைத்ததற்கும் நன்றி. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் முகத்துவாரம். களனி கங்கை அங்கேதான் கடலில் விழுகிறது. சிறுவயதில் அதை ஆற்றின் முடிவு என்றே நினைத்திருந்தேன். ஆனால் அந்த ஆற்றின் வட கரையிலிருந்து ஒரு கால்வாய் புறப்படுகிறது. கறுவாவை ஏற்றிவர ஒல்லாந்தர் வெட்டி இணைத்த நீர்வழி அது. பின்னர் 1802 தொடங்கி 1804க்குள் ஆங்கிலேயர் வெட்டிய ஹமில்டன் கால்வாயும் அதனோடு சேர்ந்தது. களனியிலிருந்து நீர்கொழும்புக் களப்பு, அங்கிருந்து சிலாபம், முந்தல், புத்தளம் களப்பு, கடைசியில் அந்தக் களப்பின் வாயில் காவலிருக்கும் நீ. கூரை வேய்ந்த படகுகள் பெருங்கடலின் அலையைத் தொடாமலே கொப்பராவும் பாக்கும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்பு வந்தன. இப்போது அந்தக் கால்வாயில் பல இடங்களில் நீர்த்தாமரையும் குப்பையும். ஆனாலும் முகத்துவாரப் பாலத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் நான் வடக்கே பார்ப்பேன். இந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே போனால் உன் இறங்குதுறைக்கு வந்துவிடலாம் என்ற நினைப்பு ஒன்றே, நெரிசலில் நிற்கும் எனக்கு எத்தனையோ மாலைகளில் போதுமாக இருந்திருக்கிறது.

கற்பிட்டியே, உன் களப்பின் வயது எங்கள் தலைநகரின் வயதை விடப் பெரிது. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா கரையிறங்கிய ‘பத்தாலா’ புத்தளம்தான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவரை அங்கே வரவேற்றார், முத்துகளைக் காட்டினார், சிவனொளிபாத மலைக்குப் போக வழித்துணையும் தந்தார். ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்ததை அந்தப் பயணி எழுதி வைத்திருக்கிறார். முதன்முதலாக அதைப் படித்தபோது நான் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தேன். தமிழ் பேசிய ஓர் அரசன், முத்துக் கப்பல்கள், மேற்குக் கரை. எங்களை ‘வடக்குக்குப் போங்கள்’ என்று சொன்ன குரல்களை அப்போது நினைத்துக்கொண்டேன். பதில் சொல்ல ஒரு புத்தகப் பக்கம் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

கற்பிட்டியே, உன் கோட்டைக்கு வருகிறேன். ‘கல்பென்டைன்’ என்று உன்னை அழைத்த ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கோட்டை அது. அதற்கு முன்பே போர்த்துக்கேய இயேசுசபைக் குருக்கள் அங்கே கோயில் வைத்திருந்தார்கள். களப்புக்குள் நுழைகிற ஒவ்வொரு தோணியையும் அந்த மதில் பார்க்கும். கண்டி அரசனுக்குப் புத்தளம் வழியாகப் போன வணிகத்தை மறிக்க வேண்டுமென்றால் உன்னைப் பிடித்தாலே போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. இப்போது கடற்படையிடம் இருக்கிறது. யுத்த காலத்தில் வெளியே நின்று மதிலைப் பார்த்ததோடு சரி. பல வருஷம் கழித்து, பெயரைப் பதிந்து, உள்ளே போக அனுமதி கிடைத்தது. கூட வந்தவன் இருபத்திரண்டு வயது இருக்கக்கூடிய ஒரு கடற்படைப் பையன், மொனராகலைப் பக்கம். அந்தச் சீருடையைப் பார்த்தாலே தொண்டை வறண்டு பழகியவள் நான். அடையாள அட்டையைக் கையில் தயாராக வைத்திருந்தேன். அவன் சிங்களத்தில் விளக்கிக்கொண்டே வந்து, நான் என் மகளுக்குத் தமிழில் சொல்வதைக் கேட்டதும் நின்றான். “அக்கா, நான் தமிழ்ல சொல்றன். பிழை வந்தா சொல்லுங்க” என்றான். செங்கல் வளைவைக் காட்டினான், சுரங்கத்தின் வாயைக் காட்டினான், “உள்ள போக ஏலாது, பாம்பு இருக்கு” என்றான். மதிலுக்கு ஏறும் படிகளை மகளோடு சேர்ந்து தமிழில் எண்ணினான். எங்கே படித்தாய் என்று கேட்டேன். வெளியே தேத்தண்ணீர்க் கடை முதலாளியிடமாம். கடனுக்குத் தேத்தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் தமிழில் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டாராம். நீதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். எந்த அமைச்சின் மொழித் திட்டமும் எனக்குத் தராத ஒன்றை அந்தப் படிக்கட்டில் நீ தந்தாய்.

கற்பிட்டியே, சைமன் காசிச்செட்டியைப் பெற்றவள் நீ. அதற்கு நான் மட்டுமல்ல, தமிழ் படிக்கிற எல்லோருமே உனக்குக் கடன்பட்டவர்கள். 1807இல் உன் மண்ணில் பிறந்தவர். இந்தத் தீவு முழுவதன் ஊர்களையும் ஆறுகளையும் கோயில்களையும் அகரவரிசையில் அடுக்கி ‘சிலோன் கெசற்றியர்’ என்ற ஆங்கில நூலை 1834இல் அச்சிட்டபோது அவருக்கு இருபத்தேழு வயது. புத்தளத்து மணியகாரராக வேலை பார்த்துக்கொண்டே அதைச் செய்தார். 1838இல் சட்டநிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதியாகப் போனார். 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ யாழ்ப்பாணத்தில் அச்சானது: ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாறு, ஒருவர் பெயரும் மறந்துபோகக் கூடாது என்ற தவிப்போடு தொகுத்தது. அடுத்த ஆண்டு அவர் இறந்துவிட்டார். நான் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். நூலகமும் கல்லூரியும் நிறைந்த பெரிய பட்டணத்தில் இருந்தல்ல, கழுதைகள் தெருவில் படுத்திருக்கும் ஒரு மணல் முனையில் பிறந்து, ஒரு மனிதர் முழுத் தீவையும் பார்த்தார், முழுத் தமிழையும் பார்த்தார். எங்கிருந்தோ வந்து இறங்குகிற ஒவ்வொரு கப்பலையும் பேர் கேட்டு, ஊர் கேட்டுப் பழகிய துறைமுகத்துப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் வந்ததில் வியப்பில்லை. எங்கள் பாடப் புத்தகத்தில் அவருக்கு ஒரு பந்தி கூட இருந்ததில்லை. உன் பிரதான வீதியில் நடக்கும்போது அவர் பெயரை ஒரு பலகையில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஆசைப்படுகிறேன். பிள்ளைகள் தினமும் கடந்து போகிற இடத்தில்.

கற்பிட்டியே, அடுத்த கடன் என்னுடையதல்ல. ஆனால் அதற்கும் நான் நன்றி சொல்லியே ஆக வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் அதிகமானோர் கையில் கிடைத்ததோடு வீட்டை விட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் ஏறி உன் கரைக்குத்தான் வந்தார்கள். என்னோடு பத்து வருஷம் வேலை பார்த்த தோழி அப்படி வந்தவள். அப்போது அவளுக்கு ஏழு வயது. வள்ளத்தில் மழை. உம்மாவின் மடியில் ஒரு தையல் மெஷினின் தலை மட்டும். உடலைக் கொண்டுவர இடமில்லை. விடியும் நேரம் உன் கரையில் இறங்கியபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் கையில் கஞ்சிக் கோப்பையை வைத்து, “குடிங்க மகள், இதுவும் உங்கட ஊர்தான்” என்றாராம். பள்ளிவாசல்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஆட்கள் நிறைந்தார்கள். உன் கிணறுகள் வற்றின, உன் வகுப்பறைகள் இரட்டித்தன, வேலைக்குக் கூலி குறைந்தது. அந்தப் பாரத்தைப் பற்றி நீ முணுமுணுத்திருப்பாய், அது நியாயமும்தான். ஆனால் கஞ்சி கொடுத்தாய். தோழி இதை ஒரு மதிய உணவு வேளையில் என்னிடம் சொன்னபோது, தமிழ்ப் பெண்ணாக எனக்கு வெட்கத்தில் வாய் எழவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நாங்க பேசுறதும் தமிழ்தானே” என்றாள். எங்களில் சிலர் உடைத்ததை நீ உன் கோப்பையால் கொஞ்சம் சேர்த்து வைத்தாய். அதை நான் மறக்கப்போவதில்லை.

கற்பிட்டியே, உன் காற்றுக்கு வருவோம், அதைப் பேசாமல் உன்னைப் பற்றிப் பேச முடியுமா? மே முதல் ஒக்டோபர் வரை உனக்குக் கச்சான். மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே வளர்கிற அளவுக்கு அடிக்கும். முன்பு அந்த மாதங்களில் மீன்வாடிகள் வெறிச்சோடி, மீனவர் வள்ளங்களோடு கிழக்குக் கரைக்குப் போவார்கள். இப்போது அதே காற்றைத் தேடி ஐரோப்பாவிலிருந்து இளைஞர்கள் வந்து, காலில் பலகையும் கையில் பட்டமுமாக உன் களப்பின் மேல் பறக்கிறார்கள். நவம்பரில் காற்று திரும்பிக் கடல் படிந்ததும் ஓங்கில் பார்க்க வருகிறவர்கள். நான் இந்த முறை வந்தது அதற்குத்தான். கொழும்பில் நாங்கள் ‘டொல்பின்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ‘ஓங்கில்’ என்ற சொல்லை எனக்குத் தந்தவர் உன் படகுக்காரர். விடியக் காலை ஆறு மணி. ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு அவர் எஞ்சினை நிறுத்தினார். “கதைக்காம இரிங்க, மூச்சுக் கேக்கும்” என்றார். முதலில் வள்ளத்தின் பலகையில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும். பிறகு இடது பக்கம் ஒரு மூச்சு, ஈரத் துணியை உதறுவது போல. பிறகு வலது பக்கம். பிறகு சுற்றிலும் நூறு மூச்சுகள். ஒன்று மேலே எழும்பி, பம்பரம் போலத் தன்னைத்தானே மூன்று சுற்றுச் சுற்றி, பக்கவாட்டில் விழுந்தது. என் மகள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் பிடித்தது பயத்தால் அல்ல. அதே மணிக்கட்டுத்தான், கற்பிட்டியே.

கற்பிட்டியே, உன்னிடம் நான் என் கவலையையும் மறைக்கப் போவதில்லை. நுரைச்சோலையில் 2011 முதல் நிலக்கரி மின்நிலையம் புகைக்கிறது. 300 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள்; அந்த மின்சாரத்தில்தான் எங்கள் தொடர்மாடியின் மின்தூக்கியும் ஓடுகிறது என்பதை அறிந்தே சொல்கிறேன். உன் மேற்கே 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பவளப்பார், 1998இல் கடல் சூடேறியபோது வெளுத்துப் போனது. கடலடிப் பாறையை எங்கள் மீனவர் ‘பார்’ என்றே சொல்வார்கள். முத்து விளைந்ததும் பாரில்தான். உன் 14 தீவுகளைச் சுற்றுலாவுக்கென்று குறித்த திட்டம் வந்தபோது, வலை காய வைத்த கரையில் வேலி விழுந்ததாக மீனவர்கள் தெருவுக்கு வந்தார்கள். என்னைப் போன்று வருகிறவர்களுக்காகத்தான் அந்த வேலிகள் போடப்படுகின்றன. அதனால் நான் கரைவலை இழுக்கும் குடும்பம் நடத்தும் சின்ன விடுதியில்தான் தங்குகிறேன். கருவாட்டை வாடியில், உலர்த்திய கையிடமிருந்தே வாங்குகிறேன். அது போதாது என்று தெரியும். உன் மணலில் வெங்காயமும் மிளகாயும் விளைகிற அந்த ஆழமில்லாத கிணறுகள் உப்பாகிவிடக் கூடாதே என்று, குளிக்கும்போது வாளித் தண்ணீரை அளந்து ஊற்றுகிறேன்.

கற்பிட்டியே, கடைசியாக அம்மா. 2010இல் அவளை உன்னிடம் அழைத்து வந்தேன். அம்மம்மா போய்ப் பல வருஷம். முழங்கால் வலியோடு வாடிக்கு நடந்தாள். ஓலைப்பாயில் கட்டா பிளந்து கிடந்தது. முதுகெலும்போரம் கத்தியால் கீறி, கல்லுப்பை விரலால் உள்ளே அழுத்தி, வலையால் மூடியிருந்தார்கள். ஒரு கிழவி காகத்தை விரட்டிக்கொண்டே துண்டுகளைப் புரட்டினார். அம்மா குனிந்து ஒன்றை எடுத்து, அமுக்கிப் பார்த்து, முகர்ந்து, “இன்னும் ஒரு வெயில் காணாது” என்றாள். கிழவி விடவில்லை. “கொழும்புக்காரிக்குக் கருவாடு தெரியுமோ?” என்றார். அம்மா இடுப்பில் கையை வைத்தாள். பஸ்ஸில் மூச்சுக் காட்டாத என் அம்மா, கடை வீதியில் சைகையால் சாமான் வாங்கிய என் அம்மா, கடற்கரை முழுக்கக் கேட்கும்படி, கச்சான் காற்றுக்கு மேலாக, தமிழில் விலை பேசினாள். கால் மணி நேரம். இரண்டு பேருக்கும் முகம் சிவந்துவிட்டது. முடிவில் கிழவி பத்து ரூபாய் குறைத்தார், அம்மா அந்தப் பத்து ரூபாயை அவருடைய பேரப்பிள்ளையின் கையில் வைத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். அவளை நான் அப்படிப் பார்த்தது அந்த ஒரு நாள்தான். இரண்டு வருஷத்தில் போய்விட்டாள்.

கற்பிட்டியே, விடிந்துவிட்டது. கோயில் மணி அடிக்கிறது, தெருவில் பாண்காரனின் வண்டி. பொதியைப் பிரித்துவிட்டேன். நான்கு துண்டை வெந்நீரில் போட்டு உப்பிறக்கி, சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் வெட்டி வைத்திருக்கிறேன். மகள் எழும்பி வந்து, “அம்மா, என்ன வாசம்!” என்று உரக்கக் கத்துகிறாள். கீழ் மாடி ஆன்ட்டிக்கு ஒரு பங்கு தனியாக வாழையிலையில் எடுத்து வைத்துவிட்டேன். அவர் வேலைக்குப் போவதற்கு முன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

என்றும் உன் அன்புக்குரிய,
கொட்டாஞ்சேனைப் பிள்ளை